பாண்டா3டி: எடிட்டர் இல்லாத என்ஜின்ல ஒரு தெரு கட்டின அனுபவம்

பைத்தான் ஓரளவு தெரியும், 3டி கேம் பண்ணணும்னு ஆசை, ஆனா அதுக்காக சி ஷார்ப் மொழிய முதல்லேர்ந்து கத்துக்க இப்ப நேரமில்லன்னு இருக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். ஆறு மாசமா பாண்டா3டில, அதாவது பைத்தான்லயே 3டி கேம் எழுத உதவற ஒரு என்ஜின்ல, ஒரு சின்ன கேம் பண்ணிட்டு இருக்கேன். ஒரு தெரு, ரெண்டு பக்கமும் ஓட்டு வீடு, தெரு முடியற எடத்துல ஒரு குளம், விடியகாலைல சைக்கிள்ல வீடு வீடா பால் ஊத்திட்டு போறவர்தான் ஹீரோ.

இன்ஸ்டால் பண்றது ஒரே வரி, பிப் இன்ஸ்டால் பாண்டா3டி, அவ்ளோதான். காசு கிடையாது, 2008லேர்ந்து பிஎஸ்டி லைசென்ஸ், கேம வித்தாலும் யாருக்கும் ராயல்டி தர வேணாம். இது யாரோ லீவு நாள்ல எழுதிப்பாத்த என்ஜின்னு நினைச்சுடாதீங்க, டிஸ்னியோட விஆர் ஸ்டுடியோல பொறந்தது, 2003ல வந்த டூன்டவுன் ஆன்லைன்ங்கற கேம் இதுலதான் ஓடுச்சு. 2002லயே ஓப்பன் சோர்ஸ் ஆக்கிட்டாங்க, அப்பறம் கார்னகி மெலன் யூனிவர்சிட்டிலயும் இத வளத்தாங்க. டூன்டவுன 2013ல மூடினப்பறம் ரசிகர்களே சேந்து டூன்டவுன் ரீரிட்டன்னு திரும்ப ஓட்டறாங்களே, அதுவும் பாண்டாலதான்.

முதல் தடவ ரன் பண்ணா சாம்பல் கலர்ல ஒரு காலி விண்டோ வரும், வேற ஒண்ணுமே இருக்காது. யூனிட்டி, கோடோ மாதிரி மத்த என்ஜின்கள்ல இருக்கற, மவுஸால இழுத்து வைக்கற எடிட்டரே இல்ல, எல்லாமே நாம எழுதற கோட்தான். எனக்கு புடிச்சதே அதுதாங்க. எந்த பொருள் எதோட குழந்தைன்னு நீங்களே எழுதறதால சீன் கிராஃப், அதாவது எது எதுக்கு கீழ இருக்குன்னு காட்டற மரம், மனசுல நல்லா உக்காந்துடும். சைக்கிள் அந்த மரத்துல ஒரு நோட் (ஒரு கணு), பால் கேன் அதுக்கு குழந்த, சைக்கிள் திரும்பினா கேனும் சேந்து திரும்பும். திண்ணைல கேன இறக்கி வைக்கும்போது ரீபேரண்ட்டூ போட்டேன், கேன் எங்கயோ வானத்துல போய் நின்னுடுச்சு. ஏன்னா அது பழைய அப்பாகிட்ட இருந்த அதே பொசிஷன் நம்பர்கள புது அப்பாகிட்டயும் வச்சுக்குது. கண்ணுக்கு அதே எடத்துல நிக்கணும்னா டபிள்யூஆர்டி-ரீபேரண்ட்டூ போடணும். இத ஒரு தடவ புரிஞ்சுகிட்டா எந்த என்ஜினுக்கு போனாலும் உதவும்.

புதுசா வர்ற எல்லாரும் மாட்டற எடம் ஒண்ணு இருக்கு. கேமராவுக்கு பொசிஷன் குடுப்பீங்க, அது நகரவே நகராது. மவுஸால கேமராவ சுத்தற வசதி ஆரம்பத்துலயே ஆன்ல இருக்கறதுதான் காரணம், டிஸேபிள்மவுஸ் கூப்பிட்டா சரியாயிடும். பேர பாத்து பயப்பட வேணாம், மவுஸ் கேமராவ ஓட்டறது மட்டும்தான் நிக்கும், மவுஸ் கிளிக் எல்லாம் எப்பவும் போல வேல செய்யும்.

இப்ப வேகத்துக்கு வர்றேன், பைத்தான்னா ஸ்லோன்னு எல்லாரும் சொல்றது இங்க பாதிதான் உண்ம. படம் வரையற வேல எல்லாம் உள்ளுக்குள்ள சி பிளஸ் பிளஸ்ல நடக்குது, நாம எழுதற லாஜிக் மட்டும்தான் பைத்தான். என் தெரு திணறினதுக்கு காரணம் பைத்தானே இல்ல, கதவு, ஜன்னல், தூண்னு தனித்தனி துண்டா ஆயிரத்துக்கு மேல நோட் வச்சிருந்தேன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிரா கால், அதாவது இத வரைன்னு கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு உத்தரவு, போகுது. கூடவே வர்ற பிஸ்டாட்ஸ்னு ஒரு கருவி எந்த வேல எவ்ளோ நேரம் தின்னுதுன்னு படமா காட்டும், அதுலதான் கண்டுபுடிச்சேன். ஃபிளாட்டன்ஸ்ட்ராங் போட்டா எல்லாத்தையும் ஒண்ணா சேத்துடும்னு படிச்சு போட்டேன், ஒண்ணும் மாறல. லோட் பண்ற ஒவ்வொரு மாடலும் தன்ன உருக்காம காப்பாத்திக்கற ஒரு நோடுக்குள்ள வருது, முதல்ல கிளியர்மாடல்நோட்ஸ் கூப்பிட்டு அத எடுத்துட்டு அப்பறம் ஃபிளாட்டன் பண்ணணும். அதே சமயம் மொத்த தெருவையும் ஒரே கட்டியா உருக்கிடாதீங்க, முதுகுக்கு பின்னாடி இருக்கற வீட்டையும் சேத்து வரைய ஆரம்பிச்சுடும். நான் அஞ்சு வீட்டுக்கு ஒரு கட்டின்னு பிரிச்சேன், தெரு வழுக்கிட்டு ஓடுது.

3டி மாடல் செய்யற பிளெண்டர்லேர்ந்து மாடல் கொண்டு வர்றது சுகம், ரெண்டுலயும் இசட்தான் மேல பாக்கும், ஜிஎல்டிஎஃப்ங்கற ஃபைல் வகைல எக்ஸ்போர்ட் பண்ணி அதுக்கான பேக்கேஜ பிப்ல போட்டுகிட்டா போதும். வேகமா போற பந்து செவுத்த தாண்டி போயிடுச்சுன்னா செட்ஃபுளூயிட்பாஸ் வச்சு நகத்துங்க, எது எதோட மோதுதுன்னு பாக்கற டிராவர்சர்ல முந்தின பொசிஷனையும் பாக்க சொல்லுங்க. பட்டன், மெனு எல்லாம் பழைய காலத்து சாம்பல் டப்பா மாதிரி இருக்கும், நம்ம படத்த போட்டு அழகு பண்றதுக்கு பொறும வேணும். மொபைல் கேம்தான் லட்சியம்னா இத எடுக்காதீங்க, கம்ப்யூட்டருக்குத்தான் இது பொருத்தம், பில்ட்ஆப்ஸ் கமாண்ட் லினக்ஸ்ல உக்காந்துகிட்டே விண்டோஸுக்கும் பேக்கேஜ் பண்ணி குடுத்துடும். ஸ்கூல் பசங்களுக்கு சொல்லித்தரணும்னா இது மேலயே கட்டின, இன்னும் சுலபமான உர்சினாங்கற என்ஜின்ல ஆரம்பிங்க, பத்து வரில ஒரு கனசதுரம் சுத்தும், பசங்க முகத்துல வர்ற சந்தோஷத்த பாக்கணும்.

கடைசியா நம்ம ஆளுங்களுக்குன்னு ஒண்ணு. டீக்கடை போர்டுல தமிழ்ல எழுதினேன், முதல்ல எழுத்தே தெரியல, தமிழ் ஃபான்ட் லோட் பண்ணதும் வந்துச்சு, ஆனா பெருமாள்ல கொம்பு ப-வுக்கு பின்னாடி போய் நின்னுச்சு. எழுத்துகள முறையா கோக்கற ஹார்ஃப்பஸ் உள்ள இருக்கு, ஆனா தானா ஆன்ல இருக்காது. கான்ஃபிக்ல டெக்ஸ்ட்-யூஸ்-ஹார்ஃப்பஸ் ட்ரூன்னு ஒரு வரி, விண்டோவ திறக்கற ஷோபேஸ் கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. போட்டுட்டு திரும்ப ஓட்டினேன், கொம்பு முன்னாடி வந்து நின்னுச்சு, அந்த போர்டுக்கு கீழ சைக்கிள நிறுத்திட்டு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன்.