முகாமுக்கு எடுத்துப்போகும் தாள்: ஆர்ச்செஸ் 300 ஜிஎஸ்எம் கோல்ட் பிரஸ்

நாலைந்து நாள் தங்கிப் பயிலும் வாட்டர்கலர் முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்கள் முதலில் பெயின்ட்டைத்தான் விசாரிக்கிறார்கள். பன்னிரண்டு நிறம் போதுமா, இருபத்துநாலு வேண்டுமா என்று. முதலில் விசாரிக்க வேண்டியது தாளை. உணர்வை முன்வைத்து வரையும் பாணியில் பாதி வேலையை ஈரமே செய்கிறது. அந்த ஈரத்தை எவ்வளவு நேரம், எவ்வளவு சீராகப் பிடித்துவைப்பது என்பது தாளின் கையில் இருக்கிறது. ஆர்ச்செஸ் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கோல்ட் பிரஸ் (லேசாகச் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட தாள்), கற்பவருக்குக் கொடுப்பது நேரம். வாங்கும் காசும் அதற்குத்தான்.

பிரான்சின் வோஜ் மலைப்பகுதியில் 1492 முதல் இயங்கும் ஆலையின் தாள் இது. முழுக்கப் பருத்தி. உருளை அச்சில் வார்க்கிறார்கள். உதிரித் தாளின் ஓரம் பிசிறாக இருக்கும். நெசவில் பாவுக்குக் கஞ்சி போடுவதுபோல இதற்கு ஜெலட்டின் ஏற்றுகிறார்கள். தாள் உள்வரை அது ஊறியிருப்பதால் தண்ணீர் சட்டென்று உறிஞ்சப்படாமல் மேலே நின்று, மெல்ல இறங்குகிறது. மரக்கூழ்த் தாளில் நேர் எதிர்: ஓர் இடம் குளமாக நிற்கும்போதே பக்கத்தில் காய்ந்திருக்கும். வானத்துக்கு வாஷ் (நீர்த்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது) போட்டு மேகத்துக்குத் திரும்புவதற்குள் கோடு விழுந்துவிடும். ஆசிரியர் “பொறுங்க, இன்னும் கொஞ்சம் மங்கட்டும்” என்று சொல்லும்போது மரக்கூழ்த் தாளில் பொறுக்க நேரமே இருக்காது. அந்தப் பாடம் அங்கே புரியாது.

ஈரத்தை மூன்று நிலையாகப் பார்க்கப் பழக வேண்டும். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் அது முதல் நிலை. வண்ணம் விட்டால் கட்டுப்பாடில்லாமல் ஓடும். பளபளப்பு அடங்கிப் பட்டுத்துணியின் மினுக்கம் மட்டும் மிஞ்சுவது இரண்டாம் நிலை. மூடுபனி, தூரத்து மரம், கரையும் விளிம்பு எல்லாம் இங்கேதான். உப்பு தூவுவதென்றாலும் இப்போதே. மினுக்கம் முற்றிலும் போய், தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருப்பது மூன்றாம் நிலை. இந்த நேரத்தில் தண்ணீர் மிகுந்த தூரிகை பட்டால், அந்த நீர் காயும் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டுபோய்க் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டும். கற்பவர்களின் படம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒன்று கையை எடுத்துவிட வேண்டும், அல்லது தாளிலிருக்கும் ஈரத்தைவிடக் கெட்டியான வண்ணத்தோடுதான் போக வேண்டும். ஆர்ச்செஸில் இரண்டாம் நிலை நீளமாகக் கிடைக்கிறது. இந்தத் தாளின் பெரிய நன்மை அதுதான்.

கெட்டியை அளக்க அடுப்படி அளவே போதும்: டீ, பால், மோர், தயிர், வெண்ணெய். முதல் வாஷ் டீ. ஈரத்தின் மேல் விடும் மரங்கள் மோரிலிருந்து தயிர் வரை. கடைசியில் வைக்கும் இருட்டு வெண்ணெய். காய்ந்ததும் எல்லாமே ஒரு படி வெளுக்கும், அதனால் ஈரத்தில் சரியாகத் தெரிவது காய்ந்தபின் சோகை பிடித்துக் கிடக்கும். சற்றுத் துணிந்தே அடியுங்கள்.

தாளை நனைப்பதில் ஊரின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னையில் மே மாதம் என்றால் இரண்டு பக்கமும் நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, அக்ரிலிக் பலகைமேல் ஒட்டவைத்து, மேலே நிற்கும் நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அடிப்பக்க ஈரம் தாளைப் பலகையோடு பிடித்துக்கொள்ளும்; நெளியாது, சீக்கிரம் காயவும் காயாது. கொடைக்கானல் மூடுபனியில் இதையே செய்தால் தாள் காயவே காயாது. அங்கே மேல்பக்கம் மட்டும் நனைத்து, இரண்டு தாள்களை மாற்றி மாற்றி வேலை செய்வது நல்லது. ஹேர் டிரையரைப் பளபளப்பு நிலையில் காட்டவே கூடாது. காற்று வண்ணத்தைத் தள்ளிக் கரைகட்டிவிடும். மினுக்கம் போனபிறகு, ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டலாம்.

நாலு பக்கமும் பசை போட்டு அடுக்கிய பிளாக் பார்க்க வசதியாகத் தெரியும். முகாமுக்கு அது தோதுப்படாது. மேல்தாள் முழுக்கக் காயும்வரை அடுத்த தாளைத் தொட முடியாது, இரண்டு பக்கமும் நனைக்கவும் வழியில்லை. 56×76 செ.மீ. உதிரித் தாளை வாங்கி நாலாக வெட்டினால் 28×38 செ.மீ. கிடைக்கும். கற்றுக்கொள்ள இதைவிடப் பெரிது வேண்டாம். 640 ஜிஎஸ்எம் தாள் நெளியவே நெளியாது, ஆனால் அந்த விலை பயிற்சிக்குத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. நனைத்ததும் ஜெலட்டின் வாடை அடிக்கும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது என்பதால் வேண்டாம் என்பவர்களுக்கு ஃபாப்ரியானோவின் ஆர்ட்டிஸ்டிகோ இருக்கிறது. அதுவும் முழுப்பருத்திதான், விலங்குப்பொருள் சேர்க்காதது. அடுத்தது, வண்ணத்தைத் திருப்பி எடுப்பது. ஆர்ச்செஸ் வண்ணத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். அல்ட்ராமரீன் போன்றவை ஈரத்தூரிகைக்கு ஓரளவு மசியும். தேலோ நீலம் காய்ந்துவிட்டால் கறைதான். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். இதைத் தாளின் குற்றமாக நாங்கள் எண்ணவில்லை, வாங்குமுன் தெரிந்திருந்தால் போதும். உண்மையான குறை விலை. தாள் விலை மனதில் உறுத்தினால் கை இறுகிவிடும், இந்தப் பாணிக்கு இறுகிய கை ஆகாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஜெலட்டின் உள்வரை இருப்பதால் பின்பக்கமும் அதே தரத்தில் வேலை செய்யும். கெட்டுப்போன படத்தைத் திருப்பிப் போட்டு, வாஷ், உப்பு, தெறிப்பு எல்லாவற்றையும் அங்கே பழகுங்கள்.

நம் ஊரில் இன்னொரு கவலை, கஞ்சி கெட்டுப்போவது. ஈரப்பதத்தில் பல மாதம் கிடந்த தாளில் ஜெலட்டின் திட்டுத்திட்டாகச் சிதைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. வாஷ் போட்டதும் அங்கங்கே மை ஒற்றும் தாள்போல் உறிஞ்சி, கருப்புப் புள்ளிகளாக எழும். மூலையில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பாருங்கள். உருண்டு நின்றால் நல்ல தாள், உடனே உள்ளே இறங்கினால் அதைப் பேஸ்டலுக்கு வைத்துக்கொள்ளலாம். பாலிதீன் உறையில் இறுக்கி மூடி, தட்டையாக வைப்பதே பாதுகாப்பு. லோஷன் தடவிய கையால் நடுவே தொடாதீர்கள், அந்த ரேகை வாஷில் அப்படியே தெரியும்.

ஐந்து நாளுக்கு மூன்று முழுத்தாள் போதும். பன்னிரண்டு கால்தாள், இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்துநாலு படம். காலை நேரத்து ஐந்து நிமிடக் கைப்பழக்கத்துக்கு இதைச் செலவழிக்க வேண்டாம், அதற்கு விலை குறைந்த பருத்தித் தாள் ஒரு பேட் தனியாக இருக்கட்டும். நிறம் ஆறு டியூப் தாராளம். அல்ட்ராமரீன் நீலமும் (டியூபில் இருக்கும் நிறமி எண் பி.பி. 29) பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் (பி.பி.ஆர். 7) கட்டாயம்: இரண்டையும் மோர்ப்பதத்தில் கலந்து விட்டால் துகள்கள் கோல்ட் பிரஸ்ஸின் குழிகளில் தங்கி, மழைமேகத்தின் சாம்பல் தானாக வந்துவிடும். காய்ந்த கட்டியாக வரும் வண்ண வில்லைகளைவிட டியூப் நல்லது. தயிர்ப்பதம் அவசரத்துக்கு வில்லையில் வராது.

திரும்பும்போது படங்களைச் சுருட்டாதீர்கள். மலையில் காய்ந்ததாகத் தெரியும் தாளில் உள்ஈரம் இருக்கும். இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு அட்டைக்கு நடுவே கட்டி எடுத்துவந்து, வீட்டில் ஒரு நாள் விரித்துப்போட்ட பிறகே உறைக்குள் வையுங்கள்.