பதிமூன்று கோடை தாண்டிய எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்

2012 ஜூனில், பெரியவள் பிளஸ் ஒன் சேர்ந்த சமயம் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் ஐ3-2120, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில்தான் அன்று முதல் இருக்கிறது. பிள்ளைகள் படித்ததும், நான் டியூஷனுக்கு வினாத்தாள் அடிப்பதும் இதில்தான். இதுவரை மூன்று முறை இதன் கதை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். இன்றும் ஓடுகிறது.

முதல் முறை 2016 மே மாதம். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனோம். "போர்டு போயிடுச்சு மேடம், புதுசாப் போட்டுடுங்க" என்றார்கள். மனசு கேட்காமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். மாடியில் குடியிருந்த பாலிடெக்னிக் பையன் வந்து பார்த்தான். "ஆன்ட்டி, உள்ள இருந்து பீப் சத்தம் வருதே, கவனிச்சீங்களா?" அப்போதுதான் காது கொடுத்தேன். விட்டு விட்டு நீளமாக ஒலித்தது. ரேம் சரியாகப் பொருந்தவில்லை என்று போர்டே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது!

பவர் ஒயரைக் கழற்றினான். பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்சாரத்தைப் போக்கினான். ரேமை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். ஓரத்தில் பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்கள் மங்கி, திட்டுத் திட்டாக இருந்தன. சின்னவளின் பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை வாங்கி மெதுவாகத் தேய்த்தான். ரப்பரில் கறுப்பு ஏறியது, பற்கள் பளிச்சென்று ஆகிவிட்டன. துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்தினான். திரை வந்துவிட்டது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

அதன் பிறகுதான் கேபினெட்டைத் திறந்து பார்க்கும் தைரியம் எனக்கு வந்தது. வேலூரில் பழைய கம்ப்யூட்டரைப் படுத்துவது வெயிலும் தூசியும்தான் என்பது என் அனுபவம். இரண்டாவது முறை படுத்தியதும் இவைதான். கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் தானாக அணைந்துவிடும், சாயங்காலம் நன்றாக ஓடும். வைரஸ் என்றார் ஒருவர், உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்றார் இன்னொருவர். நேரம் பார்த்து அணைகிறதென்றால் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) பார்த்தால் பிராசஸர் 85 டிகிரி. ஃபேனைக் கழற்றினேன். ஹீட்சிங்க் என்ற, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் இடுக்கெல்லாம் தூசி கம்பளி போல அடைத்திருந்தது. சூட்டைக் கடத்த பிராசஸர் மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைத்தேன். 52 டிகிரிக்கு இறங்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு மாசியிலும், வெயில் ஏறுவதற்குள், தூசி தட்டிவிடுகிறேன்.

யுபிஎஸ் பேட்டரியும் இந்தச் சூட்டில் சீக்கிரம் போகிறது. 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் தாங்கினாலே பெரிது. கரண்ட் போனதும் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

2020இல் நிலைமை வேறு. ஆன் செய்துவிட்டு டீ போட்டு வரலாம், அத்தனை மெதுவாக இருந்தது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம் காட்டியது. 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) போட்டேன், ரேமை 8 ஜிபி ஆக்கினேன். எச்61 போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வழியின் வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான். புது எஸ்எஸ்டியின் முழு வேகம் இதில் கிடைக்காது. ஆனாலும் அரை நிமிஷத்துக்குள் திரை வந்துவிடுகிறது. இத்தனை வருஷத்தில் நான் செய்த செலவுகளில் இதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன்.

மூன்றாவது முறை வந்ததுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. முதலில் எந்த இணையதளமும் திறக்கவில்லை, 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்றே வந்தது. மூலையில் தேதியைப் பார்த்தால் 2011. அதைத் திருத்தினேன், சரியாகிவிட்டது. இரண்டு நாளில் நீலத் திரை, விண்டோஸே ஏறவில்லை. ஃபார்மட் செய்யச் சொன்னார்கள். பத்து வருஷ வினாத்தாள் உள்ளே இருக்கிறது, எப்படிச் செய்வேன்?

போர்டிலிருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்ததுதான் காரணம். ராத்திரி சுவிட்ச் போர்டிலேயே அணைக்கும் பழக்கம் நமக்கு. அதனால் கடிகாரம் முழுக்க இந்த 3 வோல்ட்டை நம்பியே ஓடும். அது தீர்ந்ததும் பயாஸ் அமைப்புகள் போர்டு வந்தபோது இருந்தபடி மாறி, டிஸ்க்கைப் படிக்கும் சாட்டா முறை ஏஎச்சிஐ என்ற புது வகையிலிருந்து ஐடிஇ என்ற பழைய வகைக்குப் போய்விட்டது. ஏஎச்சிஐயில் போட்ட விண்டோஸால் டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை. புது பேட்டரி போட்டு, முறையைத் திரும்ப மாற்றியதும் எல்லாம் அப்படியே வந்தது. இதைப் படித்ததும் உங்கள் பயாஸ் பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைப்பதைவிட அது சுலபம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இதில் இல்லை, பிராசஸரும் அது ஏற்காத இரண்டாம் தலைமுறை. அதனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை முறையில் நன்றாக அடிக்க வருகிறது. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்கள் மட்டும் முதலில் கிறுக்கலாகத் தெரிந்தன. அந்த எழுத்துருக் கோப்பை விண்டோஸிலிருந்து முன்னமே காப்பி செய்து வைத்திருந்ததால் தப்பித்தேன். மாறுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

பழைய லேசர் பிரிண்டர் இன்னும் ஒத்துவரவில்லை. பிடிஎஃப் ஆக்கி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுக்கிறேன். எஸ்எம்பிஎஸ் ஃபேன் போன வாரம் கரகரக்க ஆரம்பித்திருக்கிறது. கத்திரிக்கு முன்பே அதையும் மாற்றிவிட வேண்டும்.