டர்பனில் இருந்துகொண்டு சிஎஃப்பிஎஸ் சான்றிதழ்: போட்ட பணமும் கிடைத்த பலனும்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தீ அலாரம், ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) வேலைகளில் இருக்கும் நம் இளைஞர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது, “அண்ணா, சிஎஃப்பிஎஸ் எழுதலாமா, போட்ட காசு திரும்புமா?” என்பதுதான். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ வழங்கும் அந்தத் தீப்பாதுகாப்பு வல்லுநர் சான்றிதழைப் பெற்று, மூன்றாண்டுக் கெடு முடிந்ததும் ஒருமுறை புதுப்பித்தும் விட்டவன் என்ற முறையில் என் கணக்கை இங்கே எழுதுகிறேன். நீங்கள் வேலைக்குச் சான்றளித்துக் கையெழுத்துப் போட்டுச் சம்பாதிக்கப் போகிறீர்களா, ஆய்வு செய்து கருத்துச் சொல்லிச் சம்பாதிக்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தே இந்தச் சான்றிதழின் மதிப்பு அமைகிறது.

தென்னாப்பிரிக்காவில் கையெழுத்துக்கான அதிகாரம் உள்நாட்டுப் பதிவுகளிடம்தான் இருக்கிறது. தீயணைப்பு சிலிண்டரைத் திறந்து பழுதுபார்த்து மீண்டும் நிரப்பும் வேலை, 1993ஆம் ஆண்டின் தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த 2009 அழுத்தக் கருவி விதிகளுக்குள் அடங்கும். அதைச் செய்பவர், தீப்பாதுகாப்புத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் எஸ்ஏக்யூசிசி ஃபயர் அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சிலிண்டரில் ஒட்டும் சீட்டில் அவருடைய பதிவெண் இருக்க வேண்டும். புகை உணரிகளையும் அலாரம் பேனலையும் (கட்டுப்பாட்டுப் பெட்டி) தென்னாப்பிரிக்கத் தேசியத் தரமான எஸ்ஏஎன்எஸ் 10139இன்படி நிறுவுவோருக்கும் அங்கே தனிப் பதிவு உண்டு. கட்டட விதிகளில் தீப்பாதுகாப்பைச் சொல்லும் டி (T) பகுதியை நேரடியாகப் பின்பற்றாமல் கணக்கிட்டு வேறு வடிவமைப்பு தருவதென்றால், 2000ஆம் ஆண்டின் பொறியியல் தொழில் சட்டப்படி பதிவு பெற்ற பொறியாளர் வேண்டும். ஸ்பிரிங்க்ளர் என்றால் காப்பீட்டுக்காரர்கள் ஸ்பிரிங்க்ளர் ஆய்வு அமைப்பான ஏஎஸ்ஐபியின் ஆய்வாளர் தரும் சான்றைக் கேட்பார்கள். இவற்றில் எந்த இடத்திலும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் சிஎஃப்பிஎஸ் எழுத்துகள் கையெழுத்துக்கு ஈடாகா. பேனல் மாட்டும் தம்பி முதலில் உள்நாட்டுப் பதிவை முடிப்பதே முறை. அங்கே படிப்பது மறுநாளே வேலைக்கு உதவும். மின்வெட்டு நாள்தோறும் வந்துபோன ஆண்டுகளில், திரும்பத் திரும்ப வடிந்து ஏறிய பேனல் பேட்டரிகள் எவ்வளவு விரைவில் செத்தன என்பதை இங்கே வேலை செய்தவர்கள் அறிவார்கள். அந்த அறிவுக்காக அமெரிக்கக் கையேட்டைப் புரட்ட வேண்டியதில்லை.

செலவைப் பொறுத்தவரை, விண்ணப்பத்துக்கும் தேர்வுக்கும் கட்டணம் டாலரில் இருப்பதால், விசாரிக்கும்போது இருந்த தொகை கட்டும்போது இருப்பதில்லை. ராண்டின் மதிப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். எனக்கு அதைவிட உறுத்தியது புத்தகம். தேர்வு என்எஃப்பிஏவின் தீப்பாதுகாப்புக் கையேட்டை அடிப்படையாகக் கொண்டது. 2008இல் வந்த 20ஆம் பதிப்பே இரண்டு பெரிய தொகுதிகள், 2023இல் 21ஆம் பதிப்பு வந்துவிட்டதால் பழைய பிரதியை மலிவாக வாங்கிச் சமாளிக்கும் வழியும் குறுகிவிட்டது. அஞ்சல் கூலியும் 15 விழுக்காடு வாட் வரியும் சேர்ந்தால் கை நடுங்கும் தொகைதான். இவை போக, யாரும் எழுதி வைக்காத ஒரு செலவும் உண்டு. படிக்கும் மாதங்களில் வார இறுதி ஓவர்டைமையும் இரவு அழைப்புப் பணியையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. குடும்பக் கணக்கில் தேர்வுக் கட்டணத்தைவிட அதுவே பெரிய ஓட்டையாகத் தெரிந்தது.

தேர்வு மூன்று மணி நேரம், நூறு கேள்விகள். கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். எந்தச் செய்தி எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று கை பழகாவிட்டால் அதனால் பயனில்லை. பட்டம் இல்லாமல் பள்ளிப் படிப்போடு நின்றவர்களும், ஆறு ஆண்டு அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

இனிப் பலன். ப்ராஸ்பெக்டன் பகுதியில் ஒரு கிடங்குக்குக் காப்பீட்டு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். பம்ப் நன்றாக ஓடியது, வால்வுகள் திறந்த நிலையில் பூட்டப்பட்டிருந்தன, ஸ்பிரிங்க்ளர் சான்றும் காலாவதியாகவில்லை. ஆனால் முன்பு தாள் பெட்டிகள் இருந்த ராக்குகளில் இப்போது பாலிப்ராப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டு, பிளாஸ்டிக் படலம் சுற்றப்பட்டு, ஸ்பிரிங்க்ளர் முனைகளுக்கு ஒரு முழ இடைவெளிகூட விடாமல் எழுந்து நின்றன. தாளும் மரமும் எரியும்போது கிலோவுக்கு ஏறத்தாழ 16 முதல் 18 மெகாஜூல் வெப்பம் தரும். பாலிப்ராப்பிலீனோ 43 மெகாஜூலுக்கும் மேல். தாளுக்கென்று கணக்கிட்டு வைத்த தண்ணீரின் அளவு இந்த நாற்காலிகளுக்குப் போதாது. “எல்லாம் ஓடுகிறதே ஐயா, வேறென்ன குறை?” என்று மேலாளர் கேட்டபோது, சரக்கு மாறினால் பாதுகாப்பும் மாறிவிடுகிறது என்பதை எண்களோடு விளக்க முடிந்தது அந்தப் படிப்பால்தான். அறிக்கை போன பிறகு அடுக்கின் உயரம் உடனே குறைக்கப்பட்டது, நீரளவை மறுபடி கணக்கிடவும் ஏற்பாடு செய்தார்கள். அலாரம் மட்டும் மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் பம்பைப் பார்த்து, சான்றைப் பார்த்து, வெளியே வந்திருப்பேன்.

சம்பளத்தில் மாற்றம் உடனே வரவில்லை. அப்போது நான் இருந்த நிறுவனம் கை குலுக்கியதோடு சரி. பழைய பணியிடத்தில் அந்த எழுத்துகளுக்கு வேலையே இல்லை என்பதால் அதில் வியப்பில்லை. காப்பீட்டு இடர் ஆய்வுக்கு மாறிய பிறகுதான் நேர்காணலில் அதைப் பற்றிப் பேசினார்கள், சம்பளமும் உயர்ந்தது. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனுக்கு வடக்கே கார்னூபியாவில் இரசாயனக் கிடங்கு எரிந்து, கரும்புகையும் கழிவும் ஊரைப் படுத்திய பாட்டுக்குப் பிறகு, கிடங்குக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதும் ஆட்களுக்கு மதிப்புக் கூடியிருப்பதாகவே என் வேலையில் உணர்கிறேன். துபாய், கத்தார் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இந்தச் சான்றிதழ் இன்னும் நேரடியாகப் பயன்படும். வளைகுடாத் திட்டங்களில் என்எஃப்பிஏ தரங்களே அன்றாடப் பேச்சு.

முதலாளியைக் கட்டணம் கட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆண்டுச் சம்பளப் பட்டியல் ஐந்து லட்சம் ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள் ஒரு விழுக்காட்டைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகின்றன. பயிற்சித் திட்டத்தையும் அறிக்கையையும் உரிய காலத்தில் கொடுத்தால் அதில் 20 விழுக்காடு மானியமாகத் திரும்பும். என் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் நிறுவனமே கட்டியது. பதிலுக்கு இரண்டாண்டு விலகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டது. அந்தத் தாளில், விலகினால் முழுத் தொகையையும் திருப்ப வேண்டுமா, மாதக் கணக்கில் கழியுமா என்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நண்பருக்குக் கழியும் என்று இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

புதுப்பிக்க மூன்றாண்டுகளுக்குள் 50 புள்ளிகள் சேர்க்க வேண்டும். பணி அனுபவம், பயிற்சி வகுப்பு, கருத்தரங்கு எல்லாம் அதில் சேரும். கடைசி ஆண்டுவரை காத்திருந்தால் வகுப்புகளுக்குக் காசு கொடுத்து ஓட வேண்டியிருக்கும் என்பதால், கலந்துகொண்ட ஒவ்வொன்றின் வருகைச் சான்றையும் அன்றே ஒரு கோப்பில் போட்டு வருகிறேன். ஆய்வு வேலையில் இருக்கும்வரை அடுத்த முறையும் புதுப்பிப்பேன். நாளை சொந்தமாக அலாரம் நிறுவும் தொழிலுக்குத் திரும்பினால், அந்த டாலரை உள்நாட்டுப் பதிவுக்கும் எஸ்ஏஎன்எஸ் தர நூல்களை வாங்கவும் திருப்பிவிடுவேன்.