விடுமுறையில் விலகிய தோள்பட்டை

லண்டனிலிருந்து இருபத்தைந்து நாள் விடுமுறையில் தென்காசிக்குப் போயிருந்தேன். ஏழாம் நாள், குற்றாலம் சாலையில் நாய் குறுக்கே ஓட, பைக்கிலிருந்து வலது தோள் தரையில் மோத விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் காறை எலும்பின் வெளிநுனி தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது. புத்தூர் கட்டுப் போடலாம் என்றார் அத்தை. அது முறிந்த எலும்புக்கு ஊர் நம்பும் வைத்தியம். எனக்குக் கிழிந்திருந்ததோ காறை எலும்பைத் தோளோடு பிணைக்கும் ஜவ்வு. மதினிதான் பிடிவாதமாக அன்றே திருநெல்வேலிக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தோள்களுக்கும் எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். லண்டனில் இந்த வேகத்தை நான் கண்டதில்லை. டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். இந்த மூட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று தரம் பிரிக்கும் ராக்வுட் வகைப்பாட்டில் ஆறு நிலைகள். முதல் இரண்டுக்குக் கையைத் தொங்கவிடும் கைத்தூளி போதும், மூன்றாவதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு, என்னுடையது ஐந்தாவது. மூன்று வாரம் கடந்துவிட்டால் கிழிந்த ஜவ்வு தானாகக் கூடும் வாய்ப்புக் குறையும், உடலின் வேறிடத்துத் தசைநாணை எடுத்துக் கட்ட வேண்டிவரலாம் என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்வியை மறக்க முடியாது: "எப்போது ஊர் திரும்புகிறீர்கள்?"

அவர் சொன்ன இரண்டு வழிகளில், காறை எலும்பைக் கீழே அழுத்திப் பிடிக்கும் கொக்கித் தகடு வைத்தால் செலவு குறைவு. ஆனால் அதன் கொக்கி தோளின் மேற்கூரை எலும்புக்கு அடியில் உரசிக்கொண்டிருக்கும். சில மாதங்களில் இன்னோர் அறுவை செய்து எடுத்தாக வேண்டும். அதற்காக நான் மறுபடி விமானம் ஏற வேண்டும், இல்லையென்றால் லண்டனில் வரிசையில் காத்திருக்க வேண்டும். எலும்பில் துளையிட்டு, வலுவான நூலைச் சிறு உலோகப் பொத்தான்களால் இறுக்கும் முறையில் பெரும்பாலும் எதையும் எடுக்கத் தேவையில்லை. அதையே கேட்டேன். கனடாவில் 83 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், கொக்கித் தகடு வைத்தவர்களும் அறுவையே செய்யாதவர்களும் இரண்டு ஆண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை நம்பிக் கையெழுத்திட்டேன்.

விழுந்த நான்காம் நாள் அறுவை. விமானம் ஏறுவதற்கு முதல் நாள் தையல் பிரித்தார்கள். விரல், மணிக்கட்டு, முழங்கைப் பயிற்சிகளை அறுவைக்கு மறுநாளே தொடங்கிவைத்த இயன்முறை மருத்துவர் பொறுமையின் உருவம்.

வருத்தம் ஒன்றுதான். டிஸ்சார்ஜ் தாளில் "வலது தோள் அறுவை, நலம்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. லண்டனில் முதல் நாளே கேட்டார்கள்: உள்ளே என்ன வைத்திருக்கிறது, எந்த ஜவ்வைக் கட்டினார்கள்? பதில் இல்லாததால் பயிற்சி இரண்டு வாரம் தள்ளிப்போனது. அண்ணன் மூன்று முறை அலைந்து அறுவைக் குறிப்பையும் பொத்தான் உறையின் ஸ்டிக்கரையும் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கிளம்பும்போதே இவ்விரண்டையும் எக்ஸ்ரே சிடியையும் கேட்டு வாங்காமல் யாரும் விமானம் ஏறாதீர்கள்.

கைத்தூளி ஆறு வாரம். இப்போது எட்டு மாதம் ஆகிறது. புதிய எக்ஸ்ரேயில் காறை எலும்பு மீண்டும் சற்றே மேலேறியிருந்தது, பார்த்ததும் கலங்கிவிட்டேன். இது அடிக்கடி நடப்பதுதான், வலியும் பலக்குறைவும் இல்லாதவரை தொட வேண்டாம் என்றார்கள். மேல் அலமாரியிலிருந்து அரிசி டப்பாவை இறக்க முடிகிறது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் இன்னும் வலிக்கிறது.