எட்டு வருஷம் உழைத்த 650 ரூபாய்ப் பை

எங்களுடையது முடிச்சூரில் தரைத்தள வீடு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது சக்கரம் வைத்த சூட்கேஸோடுதான் வெளியேறினோம். இடுப்பளவு தண்ணீரில் சக்கரம் எங்கே உருளும்? தலையில் ஏற்றி ஒரு கையால் பிடித்துக்கொண்டேன், இன்னொரு கையில் அம்மா. மிதந்து வந்த காலி சிலிண்டரைத் தள்ளிவிடக்கூடக் கை இல்லை.

அதனால் 2016 பொங்கல் கழிந்ததும் தாம்பரத்தில் 650 ரூபாய்க்கு ஒரு முதுகுப்பை வாங்கினேன். பெயர் தெரியாத கம்பெனி. கறுப்பு பாலியஸ்டர், 45 லிட்டர், நெஞ்சில் ஒரு க்ளிப், இடுப்பில் ஒரு க்ளிப். "முழு வாட்டர்ப்ரூஃப் சார்" என்றார் கடைக்காரர். நம்பிவிட்டேன். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, அம்மாவின் மாத்திரை, டார்ச், பணம் எல்லாம் போட்டுப் பரணில் ஏற்றினேன்.

அதே வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். முந்தின நாள் பையை இறக்கிப் பார்த்தால், உள்ளே எட்டு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு! நவம்பர் 8ஆம் தேதியே செல்லாமல் போனவை. வீட்டு டப்பாவில் இருந்ததையெல்லாம் துழாவி எடுத்து, வரிசையில் நின்று வங்கியில் கட்டியவன்தான் நான். பரணில் இருந்த நாலாயிரம் நினைவுக்கே வரவில்லை. டிசம்பர் 30 வரை கெடு இருந்ததால் தப்பியது. அன்றிலிருந்து பையில் நூறும் ஐம்பதும் மட்டும்தான். வெள்ள நேரத்தில் ஏடிஎம்மும் இருக்காது, சில்லறையும் கிடைக்காது. வருஷா வருஷம் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், பையைத் திறந்து பார்ப்பதும் அப்போது வந்த பழக்கம். பெரும்பாலும் பவர்பேங்க் சார்ஜ் இறங்கியிருக்கும், ஏதாவது ஒரு மாத்திரை காலாவதியாகியிருக்கும்.

45 லிட்டர் வாங்கியது தப்பு. இடம் இருந்தால் வீட்டில் எல்லோரும் எதையாவது திணிப்பார்கள். 2020 நவம்பரில் நிவர் புயலின்போது செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கிறார்கள் என்றதும் மாமா வீட்டு மாடிக்குப் போனோம். ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் தோள் கன்றிவிட்டது. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் 14 கிலோ. ஆல்பம், இரண்டு பட்டுப் புடவை, மூன்று லிட்டர் தண்ணீர். தண்ணீர் மட்டுமே மூன்று கிலோ ஆச்சே! அப்புறம் எட்டு கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை.

உண்மையான சோதனை 2023 டிசம்பர் 4, மிக்ஜாம். அதற்குள் பையின் உள்பூச்சு உரிந்து, வைத்த துணியெல்லாம் பொடுகு கொட்டியது போல ஆகியிருந்தது. சூட்டிலும் ஈரக்காற்றிலும் அந்தப் பாலியூரிதேன் பூச்சு தானாகவே கெட்டுவிடும். கான்கிரீட் கூரைக்கு அடியிலேயே இருக்கும் பரணில் கேட்கவே வேண்டாம். மழைக்கவரும் கைகொடுக்கவில்லை. அது மேலிருந்து விழும் மழைக்குத்தான். பையின் அடி தண்ணீரில் முங்கியதும் கவர் வாளி போல நிரம்பிக்கொண்டது.

காப்பாற்றியது கவருமல்ல, பையுமல்ல. உள்ளே போட்டிருந்த கனமான பாலித்தீன் சாக்கு. வாயை முறுக்கி, மடித்து, சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பரால் கட்டியிருந்தேன். பத்திரத்தில் ஒரு துளி ஈரம் இல்லை. உள்ளே சிக்கிய காற்றால் பை கொஞ்சம் மிதக்கவும் செய்தது. இழுப்பு இருக்கும் இடத்தில் இறங்கும் முன் நெஞ்சு க்ளிப்பையும் இடுப்பு க்ளிப்பையும் கழற்றிவிட்டேன். தடுக்கி விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டுமே.

படகில் ஏற்றியவர் பையின் இடது பட்டையைப் பிடித்து இழுத்தார். 'டர்ர்' என்று தையல் விட்டது. அதோடு அந்தப் பையின் கதை முடிந்தது. 650 ரூபாய்க்கு எட்டு வருஷம், குறை சொல்ல மாட்டேன்.

2024இல் வாங்கியது 30 லிட்டர், 1,150 ரூபாய். இந்தத் தடவை துணியைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தேன். பட்டை சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். ஜிப் பெரிய பல், பிளாஸ்டிக். பழைய பையின் இரும்பு ஜிப் துருப்பிடித்து, மெழுகுவர்த்தி தேய்த்தால்தான் நகரும். நிறம் ஆரஞ்சு, ஏனென்றால் கரண்ட் போன இருட்டில் கறுப்புப் பையைத் தேடி நான் பட்டது போதும். ஐயாயிரம் ரூபாய்க்கு முழு நீர்புகாப் பையும் இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் எடுக்கும் பொருளுக்கு எனக்கு மனசு வரவில்லை. பாலித்தீன் சாக்கு இருக்கிறதே.

புதுப் பையில் ஒரே குறை, பக்கவாட்டுப் பாக்கெட்டில் ஒரு லிட்டர் பாட்டில் நுழையாது. பரணுக்கு அனுப்பாமல் பீரோவுக்குள் வைத்திருக்கிறேன், பூச்சு இதுவரை உரியவில்லை. ஃபெங்கல் புயலன்று இரவு முழுக்க வாசலில் தயாராக இருந்தது, தேவைப்படவில்லை.

போன செப்டம்பரில் திறந்தபோது அடியில் ஒரு சின்ன பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது. அம்மாவைக் கேட்டால், "முகாம்ல குடுக்கற சாதத்துக்கு என்னடா பண்ணுவே?" என்றார். நானூறு கிராம். எடுக்காமல் விட்டுவிட்டேன்.