அண்டார்டிகா கப்பல் பயணம்: முன்பணம் கட்டும் முன் கப்பலில் எத்தனை பேர் என்று கேளுங்கள்

சென்ற பருவத்தில் ஒரு குழுவுக்கு விற்கப்பட்டது இது: 12 நாள் பயணம், 180 பேர் மட்டுமே போகும் சிறிய கப்பல், தினமும் இரண்டு முறை கரையிறக்கம், அண்டார்டிக் வட்டத்தைத் தாண்டுதல், கயாக் என்ற சிறு துடுப்புப் படகு, கிங் பெங்குயின்கள். கிடைத்தது: 480 பேர் ஏறிய கப்பல், மொத்தமே மூன்று கரையிறக்கம், ஒவ்வொன்றிலும் தலைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். வட்டமும் இல்லை, கயாக்கும் இல்லை, கிங் பெங்குயினும் இல்லை. ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் பலர். பெயரைத் தெரிந்துகொள்வதைவிடச் செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்தவரிடம் மாட்டாமல் இருக்கலாம்.

முதலில் கணக்கு. அண்டார்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தான். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து ஒருவர்கூட இறங்க முடியாது. 1991இல் தொடங்கப்பட்ட சர்வதேச அண்டார்டிகா சுற்றுலா நடத்துநர்கள் சங்கம், சுருக்கமாக ஐயாட்டோ, இந்த வரம்புகளைக் கடைப்பிடிக்கிறது. அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளும் 2009இல் இவற்றை ஏற்றுத் தீர்மானம் போட்டன. ஆகவே கப்பலின் பயணிகள் எண்ணிக்கையை 100ஆல் வகுத்தாலே உங்கள் பயணம் எப்படி இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும்.

180 பேர் என்றால் இரண்டு அணி. ஓர் அணி கரையில் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது மற்ற அணி ஜோடியாக் ரப்பர் படகில் பனிப்பாறைகளுக்கு நடுவே சுற்றும். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். காலையில் ஓரிடம், சாப்பாட்டு நேரத்தில் கப்பல் நகர்ந்து மாலையில் இன்னோரிடம். 480 பேர் என்றால் ஐந்து அணி. படகுக்குப் பத்துப் பேர் ஏற வேண்டும். ஒவ்வொருவரும் பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் தேய்த்துக் கழுவ வேண்டும், போகும்போதும் வரும்போதும். காலை எட்டு மணிக்குத் தொடங்கினாலும் ஐந்தாவது அணி திரும்பும்போது பகல் முடிந்திருக்கும். கப்பல் இன்னோரிடத்துக்கு நகர நேரம் ஏது? அதனால்தான் நாளுக்கு ஒரு கரையிறக்கம், தலைக்கு ஒரு மணி நேரம். போதாததற்கு, பல தளங்களில் 200 பேருக்கு மேற்பட்ட கப்பலுக்கு அனுமதியே கிடையாது. பெரிய கப்பலுக்குப் போக இருக்கும் இடங்களின் பட்டியலே சின்னது.

இதில் கப்பல் ஊழியர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதிப்படி ஒழுங்காகத்தான் நடத்தினார்கள். ஏமாற்று நடந்தது விற்ற இடத்தில்.

கப்பல் எப்படி மாறியது? ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "தவிர்க்க இயலாத காரணங்களால் இதற்கு இணையான வேறு கப்பல் வழங்கப்படலாம்." இணையானது என்பதற்கு விளக்கம் எதுவும் இல்லை. இந்தத் தொழிலில் மீதித் தொகையைப் புறப்பாட்டுக்கு 90 முதல் 120 நாள் முன்பு கட்டச் சொல்வது வழக்கம். அதற்குப் பிறகு ரத்து செய்தால் பெரும்பாலும் முழுத் தொகையும் போய்விடும். கப்பல் மாற்றக் கடிதம் வந்தது அந்தக் கெடு முடிந்த அடுத்த வாரம். இது தற்செயல் என்று நம்ப முடியவில்லை. முன்பணம் வாங்கிய ஏஜென்சி சிறிய கப்பலில் இடமே பதிவு செய்யாமல், விலை இறங்கிய பெரிய கப்பலுக்காகக் காத்திருந்தால் நடப்பது இதேதான்.

இதற்கு மருந்து இரண்டு. முன்பணம் கட்டிய இரண்டு வாரத்துக்குள் கப்பல் நிறுவனத்தின் பதிவு எண்ணோடு உறுதிக் கடிதம் கேளுங்கள். ஏஜென்சியின் லெட்டர்ஹெட்டில் வருவது போதாது. எண்ணை வைத்துக்கொண்டு கப்பல் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, பெயர், அறை வகை, கட்டப்பட்ட தொகை மூன்றையும் சரிபாருங்கள். அடுத்து, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மாற்றுக் கப்பலில் பயணிகள் எண்ணிக்கை 200ஐத் தாண்டினால், எந்தத் தேதியாக இருந்தாலும், முழுப் பணமும் திரும்பத் தரப்படும். மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

"நாங்கள் ஐயாட்டோ உறுப்பினர்" என்று சொன்னால் மயங்க வேண்டாம். கப்பல் நடத்துபவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு ஆள் சேர்த்துத் தரும் துணை உறுப்பினர்கள் வேறு வகை. சங்கத்தின் இணையதளத்தில் யார் எந்த வகை என்ற பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. சிறு கப்பல், 200 முதல் 500 வரை, 500க்கு மேற்பட்டு இறங்காமல் பார்த்துவிட்டு மட்டும் திரும்புவது என்று கப்பல்களுக்கும் தனித்தனி வகை உண்டு. கடைசி வகைக் கப்பலுக்கும் "அண்டார்டிகா அனுபவம்" என்ற தலைப்பில் விளம்பரம் வருகிறது. பால்கனியில் நின்று பார்ப்பதும் ஓர் அனுபவம்தான், பொய் என்று சொல்ல முடியாது. கரையில் கால் வைப்பீர்கள் என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, 12 நாள். முதல் நாள் பியூனஸ் ஐரிஸ் ஹோட்டல். இரண்டாம் நாள் அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவுக்கு விமானம், மாலையில் கப்பல் ஏறுதல். மூன்றும் நான்கும் டிரேக் நீரிணை, அதாவது தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவிலுள்ள கடல். ஐந்து முதல் எட்டு வரை அண்டார்டிக் தீபகற்பம். ஒன்பதும் பத்தும் மறுபடி டிரேக். பதினொன்றில் காலைச் சாப்பாடு முடிந்ததும் இறக்கிவிடுவார்கள்; பன்னிரண்டில் வீட்டுக்கு விமானம். ஆக, அண்டார்டிகா நான்கு நாள். அதில் ஒரு நாள் பலத்த காற்றால் வீணானது. ஆகவே எந்தத் திட்டத்தையும் கப்பல் இரவுகளாக எண்ணி, அதில் கப்பல் ஏறும் இரவுக்கு ஒன்றையும் டிரேக்குக்கு நான்கையும் கழித்துப் பாருங்கள். டிரேக்கைத் தவிர்க்க சிலி நாட்டின் புன்டா அரீனாஸிலிருந்து அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் போகும் பயணங்களும் உண்டு. இரண்டு மணி நேரப் பறத்தல். ஆனால் அங்கே இருப்பது சரளைக்கல் ஓடுபாதை. மேகம் தாழ்ந்தால் விமானம் கிளம்பாது. ஓரிரு நாள் காத்திருப்பது சகஜம். அந்த நாள்கள் உங்கள் கணக்கில்தான் கழியும்.

பியூனஸ் ஐரிஸில் இன்னொரு பொறி. வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் நகருக்கு வெளியே உள்ள எசெய்சா விமான நிலையத்தில் இறங்கும். உஷுவாயாவுக்குப் பல விமானங்கள் கிளம்புவது நகருக்குள் இருக்கும் ஏரோபார்க்கேயிலிருந்து. பெட்டியை எடுத்துக்கொண்டு நகரைக் கடக்க வேண்டும். மூன்று மணி நேர இடைவெளியில் டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்சிக்கு அந்த ஊர் தெரியாது என்று அர்த்தம். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. புறப்பாட்டுக்கு ஒரு நாள் முன்பாவது உஷுவாயாவில் இருக்க வேண்டும்.

விளம்பரப் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கழுத்தில் ஆரஞ்சுத் திட்டோடு ஆயிரக்கணக்கில் நிற்பவை கிங் பெங்குயின்கள். அவை தெற்கு ஜார்ஜியா தீவில், ஃபாக்லாந்து தீவுகளில் இருப்பவை. 10, 12 நாள் தீபகற்பப் பயணத்தில் பார்ப்பது ஜென்டூ, சின்ஸ்டிராப், அடேலி. தெற்கு ஜார்ஜியாவையும் சேர்த்தால் பயணம் மூன்று வாரத்தை நெருங்கும். விலையும் அப்படியே ஏறும். எம்பரர் பெங்குயின் கூட்டத்தைப் பார்க்க வெட்டல் கடலின் ஸ்னோ ஹில் தீவுப் பக்கம் போக வேண்டும். அதற்கு ஹெலிகாப்டர் உள்ள பனி உடைக்கும் கப்பல் வேண்டும். ஒரே படத்தில் வடதுருவப் பனிக்கரடியும் பெங்குயினும் இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம்.

மாதமும் முக்கியம். நவம்பரில் பனி வெள்ளையாக இருக்கும், பெங்குயின்கள் கல் பொறுக்கிக் கூடு கட்டும். டிசம்பர் கடைசியிலிருந்து குஞ்சுகள் பொரியும். பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலங்களைப் பார்க்க நல்ல வாய்ப்பு, ஆனால் பெங்குயின் காலனிகளில் சேறும் எச்சமும்தான். மார்ச்சில் பல கூடுகள் காலியாகிவிடும். மார்ச் நடுவில் தள்ளுபடி விலையில் "குஞ்சுகளோடு ஒரு காலை" என்று விற்றால் அது ஜனவரியில் எடுத்த படம்.

வானிலையைக் காரணம் காட்டுவதில் எது நிஜம், எது சாக்கு? கடல்பனி வழியை அடைப்பதும், பனியாற்றுச் சரிவிலிருந்து திடீரென்று காற்று இறங்குவதும் அங்கே அன்றாடம். அண்டார்டிக் வட்டம், அதாவது தெற்கு 66 பாகை 33 நிமிடம், பனி விட்டால்தான். நேர்மையானவர்கள் "முயற்சி செய்வோம்" என்றுதான் எழுதுவார்கள். பறவைக் காய்ச்சலும் உண்மையான காரணம். 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவிலும் 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா நிலப்பரப்பிலும் அது உறுதியானது. நோய் அறிகுறி தெரிந்தால் கரையிறக்கத்தைக் கைவிட்டுப் படகுச் சுற்றாக மாற்றுவார்கள். கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைக் கீழே வைக்கவோ விடமாட்டார்கள். அதற்குச் சண்டை போடக் கூடாது. நிஜமான வானிலை நாளில் பயணத் தலைவர் மாற்றுத் தளத்தைத் தேடுவார். மாலைக் கூட்டத்தில் காற்றின் வேகத்தையும் பனி வரைபடத்தையும் காட்டுவார். எஞ்சின் பழுதுக்காகவோ தாமதமான சார்ட்டர் விமானத்துக்காகவோ துறைமுகத்திலேயே நின்ற நாளையும் ஏஜென்சி "வானிலை" கணக்கில் எழுதினால் அது சாக்கு. கப்பல் எங்கே நின்றது என்பது அதன் ஏஐஎஸ் தடத்தில், அதாவது கப்பல் தானாக அனுப்பும் இருப்பிடப் பதிவில், இருக்கும். பொதுத் தளங்களிலேயே பார்க்கலாம்.

சில்லறைக் கொள்ளைகளும் உண்டு. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸைப் பல கப்பல்கள் இரவலாகத் தரும். மேல்கோட்டைப் பரிசாகவோ இரவலாகவோ தரும். அதையே "துருவ உடைத் தொகுப்பு" என்று தனியாக விற்றார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது நீர்புகாத வெளிக் கால்சட்டை, உள்ளே கம்பளி அடுக்குகள், இரண்டு ஜோடிக் கையுறை. பழைய துணியானால் வெல்க்ரோவிலும் பாக்கெட் மடிப்பிலும் ஒட்டிய விதை, மண் எல்லாவற்றையும் சுத்தம் செய்துகொண்டு போங்கள். கப்பலில் பரிசோதித்துத்தான் விடுவார்கள். கயாக்குக்கு ஏஜென்சி ரொக்கமாக வாங்கிய பணம் கப்பலுக்குப் போகவே இல்லை. பட்டியலில் பெயர் இல்லை, பத்துப் பதினைந்து இடங்களும் மாதங்களுக்கு முன்பே நிரம்பியிருந்தன. டிரோனுக்கென்று "அனுமதிக் கட்டணம்" கேட்டால் கொடுக்காதீர்கள். கடற்கரைப் பகுதிகளில் பொழுதுபோக்கு டிரோனுக்கு ஐயாட்டோ கப்பல்களில் தடை.

அறை விஷயத்தில் "மேல் தளம்தான் சிறந்தது" என்று கூடுதல் காசு கேட்பார்கள். டிரேக்கில் அதிகம் ஆடுவது மேல்தளமும் முன்பக்கமும்தான். குமட்டல் உள்ளவருக்குக் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியே நிம்மதி. அங்கே வட்டச் சன்னல் மட்டும் இருக்கும், அலை பெரிதானால் அதையும் இரும்பு மூடியால் அடைத்துவிடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொல்வதில்லை.

காப்பீடுதான் உண்மையில் ஆபத்தான இடம். குழுவில் சிலருக்குக் கொடுத்த பாலிசியில் அண்டார்டிகா விலக்கப்பட்ட பகுதி. கப்பலில் ஒரு மருத்துவர், சிறு மருத்துவ அறை. அதற்கு மேல் தேவைப்பட்டால் கிங் ஜார்ஜ் தீவு வரை கப்பலில் போய், அங்கே வானிலை திறந்தால் விமானம். செலவு லட்சக்கணக்கான டாலராகலாம். 2007 நவம்பர் 23 அன்று எக்ஸ்புளோரர் என்ற கப்பல் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது. 154 பேரும் பிழைத்தது அமைதியான கடலாலும் அருகில் வேறு கப்பல் இருந்ததாலும். பாலிசியில் "அவசர மருத்துவ வெளியேற்றம்" என்ற சொல்லும், தெற்கு 60 பாகைக்குக் கீழேயும் பொருந்தும் என்ற உறுதியும் எழுத்தில் இருக்கட்டும்.

வடக்கே ஆர்க்டிக்கிலுள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் இதே ஏஜென்சிகள் பயணம் விற்கின்றன. 2025 ஜனவரி 1 முதல் அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பலுக்கு இடமில்லை. பனிக்கரடிக்கு 300 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும்; மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். "கைக்கெட்டும் தூரத்தில் கரடி" என்பவர் சட்டத்தை மீறப்போகிறார், அல்லது பொய் சொல்கிறார். ஸ்வால்பார்டு ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதிக்கு, வெளியே இருக்கிறது. நார்வே வழியாகப் போய்த் திரும்ப இரண்டு முறை நுழையும் விசா தேவை. ஒற்றை நுழைவு விசாவோடு அனுப்பினால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிப் பயணம் முடித்துவிட்டவர்கள் செய்ய வேண்டியது: ஒவ்வோர் இரவும் அறைக்கு வந்த மறுநாள் நிகழ்ச்சித் தாளை எறியாமல் வையுங்கள். கரையில் இறங்கிய நேரம், ஏறிய நேரம் இரண்டும் தெரியும்படி படம் எடுத்திருந்தால் நல்லது. பயண முடிவில் தரும் பதிவேட்டில் தளங்களின் பெயர் இருக்கும். நடத்துநர்கள் எந்தத் தளத்தில் எத்தனை பேரை இறக்கினார்கள் என்று பயணத்துக்குப் பிந்தைய அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்பதால் அந்த எண்களை யாரும் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது. விளம்பரத் தாள், ஒப்பந்தம், கப்பல் மாற்றக் கடிதம், இந்தப் பதிவேடு நான்கையும் சேர்த்து, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் பணத்தைத் திரும்பப் பெறும் மறுப்பு மனு கொடுங்கள். அதற்குக் கெடு உண்டு. ஏஜென்சி "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று இழுத்தடிப்பது அந்தக் கெடு முடியட்டும் என்றுதான்.