ஆடு உயிரோட வரட்டுமா, உரிச்சு வரட்டுமா?

சென்னைக் கடைகள்ல தொங்கற ஆட்டுல நெறைய ஆந்திரா, ராஜஸ்தான்ல இருந்து வர்றதுதான், நம்ம ஊர் கிடா மட்டும் இந்த ஊருக்குப் பத்தாது. வர்றதுக்கு ரெண்டு வழி, உயிரோட லாரில, இல்லேன்னா அங்கேயே வெட்டி உரிச்சு ஐஸ் போட்டு ரயில்ல. எது தேவலைன்னு கேட்டா எல்லாரும் டக்குனு "நம்ம கண்ணு முன்னாடி வெட்டறதுதான் ஃப்ரெஷ்"னு சொல்லிடுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன்.

லாரியவே மொதல்ல எடுத்துக்குவோம். ராஜஸ்தான்ல இருந்து இங்க 2,000 கி.மீ.க்கு மேல. ரெண்டு தட்டு போட்ட வண்டில மேல இருக்கற ஆட்டோட மூத்திரம் கீழ இருக்கற ஆட்டு முதுகுல ஒழுகும், பிரேக் அடிச்சா மொத்தமும் ஒரு பக்கமா சாயும், விழுந்ததை மத்தது மிதிக்கும், வேற வேற மந்தையில வாங்கினதை ஒண்ணா அடைச்சிருந்தா வழியெல்லாம் முட்டிக்கிட்டே வரும். ஏத்தறதும் எறக்கறதும் அதைவிட மோசம், அவசரத்துல ஒரு காலைப் புடிச்சோ முதுகுத் தோலைப் புடிச்சோ தூக்கிப் போடுவாங்க, உரிச்சப்புறம் பாத்தா அந்த எடம் கருஞ்செவப்பா ரத்தம் கட்டியிருக்கும். கடைக்காரர் சத்தமில்லாம செதுக்கி எறிஞ்சிடுவார், நமக்குத் தெரியவே தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத சேதாரம் இன்னும் பெருசு. தசைக்குள்ள கிளைகோஜன்னு ஒரு சர்க்கரை சேமிப்பு இருக்கு, வெட்டினப்புறம் அது லாக்டிக் அமிலமா மாறி கறியோட பிஎச் (அமிலம் ஏற ஏற எறங்கற ஒரு அளவு) 7 சொச்சத்துல இருந்து 5.5, 5.7 பக்கம் எறங்கணும், அந்த அமிலம்தான் கிருமியைக் கொஞ்சம் கட்டிப்போடறது. பட்டினியா, மிரண்டு, கால் மடக்கக்கூட எடமில்லாம வந்த ஆட்டுக்கு சேமிப்பு வழியிலேயே தீந்துடும், அப்புறம் எங்க இருந்து அமிலம் வரும்? பிஎச் 6க்கு மேலேயே நின்னுடும், கறி கருத்து விறைப்பா வறண்டு இருக்கும், சீக்கிரம் நாத்தம் எடுக்கும். இறைச்சிக்கூடத்துக்கான 2001 விதிகள்லயே வெட்டறதுக்கு முன்னாடி 24 மணி நேரம் ஓய்வு குடுக்கணும்னு இருக்கு. சனிக்கிழமை ராத்திரி எறக்கி ஞாயித்துக்கிழமை விடியக்காலைல வெட்டினா அது எந்தக் கணக்கு?

சரி, அப்ப உரிச்சு வர்றதுதான் பெஸ்ட்டான்னா, இப்ப வர்ற லட்சணத்துக்கு அதுவும் இல்ல. 2018 நவம்பர்ல எழும்பூர் ஸ்டேஷன்ல ஜோத்பூர்ல இருந்து வந்த 2,000 கிலோ சொச்சம் கறியைப் புடிச்சாங்களே, வால் நீளமா இருக்கு நாய்க்கறின்னு வாட்ஸ்அப் முழுக்க ஓடுச்சே, கடைசில கால்நடை மருத்துவக் கல்லூரி டெஸ்ட்டுல ஆட்டுக்கறிதான்னு வந்துச்சு. நாயா ஆடாங்கறதை விட எனக்கு பயம் அந்தப் பெட்டி மேலதான். உடம்பு சூடு ஆறாத ஆட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி தெர்மோகோல் பெட்டில ஐஸ் கொட்டி மூடினா ஓரம் மட்டும் ஜில்லுனு இருக்கும், நடுவுல இருக்கறது சூடாவே கெடக்கும், ரெண்டு நாள் ஓட்டத்துல ஐஸ் உருகி தண்ணியில ஊறிப்போகும். கறி உள்ள வரைக்கும் 4 டிகிரிக்குக் கீழ போகணும், அங்கேயே நிக்கணும், அதுக்கு கூலிங் மெஷின் வச்ச வண்டி வேணும். அது இருந்தா எந்த யோசனையும் இல்லாம உரிச்சு வர்றதுக்குத்தான் என் ஓட்டு, ஏன்னா செத்த ஆட்டுக்கு தாகம் கெடையாது, பயம் கெடையாது, எடமும் கம்மி.

ஆனா ஜில்லுனு வைக்கறேன்னு வெட்டின உடனே ஃப்ரீசர்ல தள்றதும் தப்பு. நியூசிலாந்துக்காரங்க ஏற்றுமதி ஆட்டுக்கறி செருப்புத்தோல் மாதிரி இருக்குன்னு ஆராய்ஞ்சு 1960கள்ல கண்டுபுடிச்ச விஷயம் இது, பிஎச் 6க்குக் கீழ எறங்கறதுக்குள்ள கறி 10 டிகிரிக்குக் கீழ போனா தசை சுருங்கி முறுக்கிக்கும். வெள்ளாட்டுக்கு மேல கொழுப்பு போர்வை கம்மி, அதனால படக்குனு குளிர்ந்து சீக்கிரம் மாட்டிக்கும். அவங்க வெட்டினதும் கரண்ட் பாய்ச்சி பிஎச்சை வேகமா எறக்கி சமாளிச்சாங்க.

இந்த ரெண்டுக்கும் மேல ஒண்ணு இருக்கு, அய்யலூர் வியாழக்கிழமை, செஞ்சி வெள்ளிக்கிழமை, எட்டயபுரம் சனிக்கிழமைன்னு சந்தைல வாங்கி பக்கத்து டவுனுக்கே ஓட்டிட்டுப் போற ஆடு. குறைஞ்ச தூரம், ஒரு முழு நாள் தண்ணி காட்டிக் கட்டி வச்சு வெட்டினா அதுக்கு ஈடே கெடையாது, ஆனா அதையும் காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் ரோட்டோரமா கொக்கில தொங்கவிட்டா எல்லாம் போச்சு, ஏழு மணிக்கு வாங்கறவனுக்கும் ஒரு மணிக்கு வாங்கறவனுக்கும் ஒரே விலை வேற.

காலைல வெட்டினதை வாங்கினா ஒண்ணு அப்பவே அடுப்புல ஏத்திடுங்க, இல்லேன்னா ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல வச்சு மறுநாள் ஃப்ரீசருக்கு மாத்துங்க. ரெண்டு விசில் கம்மியாவே போதும்.